பழைய காரின் ஓட்டோ கியர் ஒயில்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது ஒரு டொயோட்டா கரோலா 110. அப்பா வாங்கிய கார். இருபது வருடத்துக்கு மேலாக மலை ஏறி இறங்கியும் அதன் ஓட்டோ கியர் பொக்ஸை ரிப்பேருக்காக இன்னும் இறக்கியதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோய், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய காரைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எஞ்சின் ஒயிலை எல்லோரும் நேரத்துக்கு மாற்றுகிறார்கள். கியர் ஒயிலை மட்டும் வண்டி வழுக்கத் தொடங்கும்வரை யாரும் நினைப்பதில்லை. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓட்டோ கியர் ஒயில் என்ன வேலை செய்கிறது?

மெனுவல் கியர் பொக்ஸில் ஒயிலின் வேலை பற்சக்கரங்களை வழுவழுப்பாக வைத்திருப்பதுதான். ஓட்டோவில் அப்படியில்லை. எஞ்சினின் விசையைச் சில்லுகளுக்குக் கொண்டுபோவதே இந்த ஒயில்தான். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைப் போட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? டோர்க் கன்வேர்ட்டர் என்ற உருண்டைப் பகுதிக்குள் அதுதான் நடக்கிறது, காற்றுக்குப் பதில் ஒயில். அதற்கு மேல், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடித்து கியரை மாற்றுவதும் இதே ஒயிலின் அழுத்தம். சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் இறக்குவதும் இதுவே. இத்தனையையும் செய்யும் ஒரு திரவத்தைப் பத்து வருடம் மாற்றாமல் விடுவது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

கொழும்பில் ஓடும் காரை விட மலையகத்துக் காருக்கு ஏன் சீக்கிரம் மாற்ற வேண்டும்?

சூடுதான் காரணம். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர். நடுவில் இருப்பது 77 கிலோமீட்டர் பாதை. அதிலும் புசல்லாவை தாண்டி, ரம்பொடை, லபுக்கலை என்று போகப் போக ஏற்றம் கூடிக்கொண்டே இருக்கும். முடக்குக்கு முடக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியாது. முன்னால் ஒரு கொழுந்து லொறி போனால் அதுவும் இல்லை.

அந்த வேகத்தில் டோர்க் கன்வேர்ட்டர் பூட்டிக்கொள்வதில்லை. தட்டையான பாதையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் பெரும்பாலான கார்களில் உள்ளே ஒரு கிளட்ச் விழுந்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அப்புறம் வழுக்கல் இல்லை, சூடும் குறைவு. மலை ஏற்றத்தில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் அந்தப் பூட்டு விழாமலே வண்டி ஏறுகிறது. எஞ்சின் தரும் விசையில் ஒரு பங்கு ஒயிலைக் கலக்கிச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. ஒயில் ஏறத்தாழ 80 பாகையில் இருந்தால் நீண்ட காலம் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பன்னிரண்டு பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறைகிறது என்பது கியர் பொக்ஸ் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. நுவரெலியாவின் குளிரை நம்பி ஏமாற வேண்டாம். வெளியே 12 பாகையாக இருந்தாலும் கியர் பொக்ஸுக்குள் ஒயில் கொதித்துக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை?

மலைப்பாதை, அதிகப் பாரம், நின்று நின்று போகும் போக்குவரத்து ஆகியவற்றைக் கார் கம்பனிகளே 'கடுமையான பாவனை' என்று பிரித்து வைத்திருக்கின்றன. நான் 30,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். 40,000 வரை போகலாம். அதைத் தாண்ட விட மாட்டேன். 'இது வாழ்நாள் ஒயில், மாற்றத் தேவையில்லை' என்று யாராவது சொன்னால், யாருடைய வாழ்நாள் என்று கேட்டுப் பாருங்கள். ஒயிலின் ஆயுள் முடியும் நாளில் கியர் பொக்ஸின் ஆயுளும் முடிந்துவிடும்.

பழைய காரில் ஒயில் மாற்றினால் கியர் பொக்ஸ் போய்விடும் என்கிறார்களே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. பல நல்ல கார்களைச் சாகடித்த பயமும் இதுதான். இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் இத்தனை காலம் உயிரோடிருக்கிறது.

வழக்கமாக நடப்பது என்ன? இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார். ஒயிலை யாரும் தொட்டதில்லை. ஒரு நாள் மேட்டில் எஞ்சின் சத்தம் கூடுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. அப்போதுதான் உரிமையாளருக்கு ஒயில் ஞாபகம் வருகிறது, கொண்டுபோய் மாற்றுகிறார். ஒரு மாதத்தில் கியர் பொக்ஸ் மொத்தமாக நின்றுவிடுகிறது. 'ஒயில் மாற்றினேன், போய்விட்டது' என்று ஊரெல்லாம் சொல்கிறார். உண்மையில் கிளட்ச் தட்டுகள் அதற்கு முன்பே தேய்ந்துவிட்டன. ஒயில் மாற்றியது இறுதிச் சடங்குக்கு வந்தது போல்தான்.

அந்த ஒரு துளி உண்மை இது: தட்டுகளிலிருந்து தேய்ந்த தூள் பழைய ஒயிலில் மிதந்துகொண்டிருக்கும், கொஞ்சம் பிடிப்பும் கொடுக்கும். தட்டுகள் ஏற்கனவே தேய்ந்த கியர் பொக்ஸில் அதை ஒரே நாளில் முழுக்கக் கழுவி எடுத்தால், மறைந்திருந்த வழுக்கல் வெளியே தெரியும். புதிய ஒயிலின் அழுக்கு நீக்கும் தன்மையால் அடியில் படிந்த கசடு கிளம்பி, வால்வ்களின் நுண்ணிய துளைகளில் போய் அடைக்கவும் கூடும்.

ஆகவே நான் சொல்லும் வழி இதுதான். வண்டி இன்னும் ஒழுங்காகக் கியர் மாற்றுகிறது, வழுக்கவில்லை என்றால், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் மாற்றுங்கள். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஏற்கனவே வழுக்குகிறது, ஒயில் கறுத்து எரிந்த மணம் வருகிறது என்றால், ஒயிலால் அது குணமாகும் என்று நம்பிக் காசைச் செலவழிக்க வேண்டாம். அளவைச் சரிபார்த்துவிட்டு, கியர் பொக்ஸ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

ஒயில் கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி ஒரு வெள்ளைத் துணியில் அல்லது டிஷ்யூவில் துடையுங்கள். செம்பருத்திச் சிவப்பாகத் தெளிந்திருந்தால் நல்லது. சாயத் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றும் காலம். கறுப்பாக, எரிந்த ரொட்டி மணத்தோடு இருந்தால் உள்ளே தட்டுகள் சூட்டில் அடிபட்டிருக்கின்றன.

எல்லாவற்றையும் விட மோசமானது ரோஸ் பால் நிறம். அதைக் கண்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பெரும்பாலான கார்களில் கியர் ஒயில் குளிர்வதற்காக ரேடியேட்டரின் தொட்டிக்குள் ஒரு குழாய் வழியாகப் போய் வருகிறது. பழைய ரேடியேட்டரில் அந்தக் குழாய் உள்ளே அரித்தால் தண்ணீர் ஒயிலோடு கலக்கும். கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் படலம் தண்ணீர் பட்டால் உரிந்து வந்துவிடும். ரேடியேட்டரை மாற்றி, கியர் பொக்ஸைத் திரும்பத் திரும்பக் கழுவினால் தப்பலாம். நாள் கடந்தால் தப்பாது. இருபது வருடம் பழைய காரில் ரேடியேட்டரும் அதே வயதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

அளவு பார்ப்பது எப்படி? எங்கள் ஊரில் சமதரையே கிடையாதே!

சரியான கேள்வி. மலையகத்தில் இந்த வேலையின் கஷ்டமே இதுதான். லயத்து முற்றம், வீட்டு வாசல், ரோட்டோரம் எல்லாமே சரிவு. சரிவில் பார்த்தால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். முதல் தடவை நானே அந்தத் தவறைச் செய்தேன். முன்பக்கம் மேடாக நின்ற காரில் ஒயில் குறைவாகத் தெரிந்தது; அரை லீட்டருக்கு மேல் ஊற்றினேன். அளவு கூடினால் உள்ளே சுழலும் பாகங்கள் ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது. கினிகத்தேனை இறங்குவதற்குள் மூச்சுத்துளை வழியாக ஒயில் வெளியேறிக் காரின் அடியெல்லாம் நனைந்துவிட்டது. ஒயில் எக்ஸோஸ்ட் குழாயில் பட்டுப் புகை வந்தபோது பிள்ளைகள் பின்சீட்டில் இருந்தார்கள். அந்தப் பயம் இன்னும் மறக்கவில்லை.

தேயிலைத் தொழிற்சாலை முற்றம், பாடசாலை மைதானம், கோயில் வாசல், பெற்றோல் ஷெட் என்று தேடினால் எங்காவது சமதரை கிடைக்கும். கைபேசியில் மட்டம் பார்க்கும் வசதி இருந்தால் காரின் கதவுப் படிக்கட்டில் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பாதி நிரப்பிய தண்ணீர்ப் போத்தலைத் தரையில் படுக்க வைத்தாலே போதும்.

டொயோட்டா, நிசான் கார்களில் பொதுவாக இப்படிப் பார்க்க வேண்டும்: இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி கியர் நெம்பை எல்லா இடத்துக்கும் மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்ப 'பார்க்'கில் வைத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் போட்டு எடுங்கள். சூட்டுக்கான மேல் அடையாளத்துக்குள் ஒயில் இருக்க வேண்டும். மிட்சுபிஷி கார்களில் 'நியூட்ரல்'. ஹோண்டாவில் இது தலைகீழ்: சூடாக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தி, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஹோண்டாவை எஞ்சின் ஓடும்போது பார்த்து, ஒயில் குறைவு என்று நினைத்து அதிகமாக ஊற்றியவர்கள் நிறைய.

தட்டையான ரோட்டில் நன்றாக ஓடுகிறது, மேட்டில் மட்டும் வழுக்குகிறது. கியர் பொக்ஸ் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். முதலில் அளவைப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்தால், ஏற்றத்திலும் முடக்கிலும் அது கியர் பொக்ஸின் அடித்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒதுங்கிவிடும். பம்ப் ஒயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். அழுத்தம் விழும், வண்டி வழுக்கும். சமதரைக்கு வந்ததும் சரியாகிவிடும். ஊரில் ஒரு தாத்தாவின் நிசான் சனியை 'கியர் பொக்ஸ் மாற்ற வேண்டும்' என்று ஒரு கராஜில் சொல்லிவிட்டார்கள். பார்த்தால் ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக ஒன்றரை லீட்டர் போயிருந்தது. ஒரு கிளிப், கொஞ்சம் ஒயில், அவ்வளவுதான். கார் இன்றும் ஓடுகிறது.

எந்த ஒயில் ஊற்றுவது?

இதில் மட்டும் கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம், நிறத்தையும் நம்ப வேண்டாம். சிவப்பு என்பது வெறும் சாயம். எஞ்சின் ஒயிலோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கப் போட்டது. முக்கியம் அதன் உராய்வுத் தன்மை. ஒவ்வொரு கம்பனியும் தன் கிளட்ச் தட்டுகளுக்கு ஏற்ற உராய்வை ஒயிலில் கேட்கிறது.

பழைய கார்களில் டிப்ஸ்டிக்கிலேயே ஒயிலின் பெயர் பொறித்திருக்கும். முதலில் அதைத் துடைத்து வாசியுங்கள். எங்கள் 110இல் டெக்ஸ்ரோன் 2 என்று இருக்கிறது, டெக்ஸ்ரோன் 3 தரத்து ஒயில் ஊற்றுகிறேன். கரோலா 121, 240 பிரிமியோ, அலியன் போன்ற நான்கு கியர் கார்களுக்கு டொயோட்டாவின் டைப் டி-4. அதற்குப் பின் வந்த டொயோட்டாக்களில் டபிள்யூஎஸ். இது டி-4ஐ விட மெல்லியது, இரண்டையும் கலக்கக் கூடாது. நிசான் சனி எஃப்பி15 வகைக்கு மெட்டிக் டி. மிட்சுபிஷிக்கு எஸ்பி-2 அல்லது எஸ்பி-3. ஹோண்டாவுக்கு இசட்-1 இருந்தது, இப்போது அதன் இடத்தில் டிடபிள்யூ-1 வருகிறது. ஹோண்டாவின் ஓட்டோ கியர் பொக்ஸ் அமைப்பே மற்றவற்றிலிருந்து வேறு. அதற்கு ஹோண்டா ஒயிலைத் தவிர வேறொன்றும் நான் ஊற்ற மாட்டேன்.

டெக்ஸ்ரோன் 3 பற்றி ஒரு விஷயம். அந்தப் பெயருக்கான அனுமதி வழங்குவதை ஜெனரல் மோட்டோர்ஸ் 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்று கேனில் அப்படி எழுதியிருந்தால், அந்தத் தரத்துக்குச் செய்தோம் என்று தயாரிப்பவர் தாமே சொல்வது மட்டுமே. ஆகவே பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் ஒயிலை, மூடி முத்திரை உடையாத கேனில் வாங்குங்கள். பீப்பாயிலிருந்து போத்தலில் பிடித்துக் கொடுப்பதை வாங்க வேண்டாம்.

சிவிடி கார்களுக்கும் இதுதானா?

இல்லை, இல்லை, இல்லை. சிவிடியில் கியர்களே கிடையாது. ஒரு இரும்புப் பட்டை இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடுகிறது. அந்த இரும்பு வழுக்காமல் பிடிக்க வேறு வகை ஒயில் வேண்டும். 2005க்குப் பின் வந்த ஜப்பான் விட்ஸ்களில் ஒரு லீட்டர் எஞ்சின் உள்ளவை, ஆக்ஸியோ, 260 பிரிமியோ எல்லாம் பெரும்பாலும் சிவிடி. என் மச்சானின் விட்ஸுக்கு ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் சாதாரண ஓட்டோ ஒயிலை ஊற்றிவிட்டார்கள். இரண்டாம் நாளே மேட்டில் வண்டி நடுங்கியது. மூன்றாம் வாரம் ராகலை ரோட்டில் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் கப்பி முழுக்கக் கீறல். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, ஊற்றும் கேனைக் கையில் வாங்கிப் பெயரை வாசியுங்கள்.

எத்தனை லீட்டர் வாங்க வேண்டும்?

அடி போல்ட்டைக் கழற்றினால் எல்லா ஒயிலும் வராது. பாதிக்கு மேல் டோர்க் கன்வேர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தம் 6 லீட்டர் பிடிக்கும் கியர் பொக்ஸில் 2.5 லீட்டர் வந்தால், ஒரு தடவை மாற்றியதும் 42 வீதம் புதியது. சில நாள் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்றினால் 66 வீதம். மூன்றாம் தடவையோடு 80 வீதம். ஆக 7.5 லீட்டர் வேண்டும். நான்கு லீட்டர் கேன் இரண்டு. பழைய காருக்கு இதுதான் சிறந்த வழி என்பது என் உறுதியான எண்ணம். கசடு ஒரேயடியாகக் கிளம்பாது. ஒவ்வொரு தடவையும் வெளியே வருவதைப் பார்த்து, அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்று முடிவெடுக்கலாம். நான் வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று வாரத்தில் முடிப்பேன். ஒரு முறை இப்படி முழுதாக மாற்றிவிட்டால், அப்புறம் 30,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஒரே ஒரு முறை இறக்கி ஊற்றினாலே போதும்.

வீட்டிலேயே செய்வது எப்படி?

டிப்ஸ்டிக் உள்ள காருக்கு மட்டும் சொல்கிறேன். டிப்ஸ்டிக் இல்லாத கார்களில் ஒயிலின் சூட்டைக் கருவியில் பார்த்து அளவிட வேண்டும். அவற்றைத் தெரிந்த கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி இளஞ்சூடாக்குங்கள். முழுச் சூட்டில் கழற்றினால் கை வெந்துவிடும். பின் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை அல்லது பெரிய கல் வையுங்கள். எங்கள் ஊர்ச் சரிவில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. முன்பக்கத்தை ஜக் போட்டுத் தூக்கினால் கட்டாயம் ஸ்டேண்ட் கொடுங்கள். ஜக் என்பது தூக்குவதற்கு மட்டும். அதை நம்பிப் படுக்கக் கூடாது.

சரியான போல்ட்டைத்தானா கழற்றுகிறோம் என்று இரண்டு தடவை பாருங்கள். எஞ்சின் ஒயில் மாற்றுவதாக நினைத்து கியர் ஒயிலை இறக்கிவிட்டு, எஞ்சினில் இன்னொரு நான்கு லீட்டரை ஊற்றிய கதைகள் உண்டு. கியர் பொக்ஸின் அடித்தட்டில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. டொயோட்டாவில் பெரும்பாலும் எலன் கீ போடும் போல்ட். ஹோண்டாவில் நடுவே சதுரக் குழி, ரெச்செட்டின் முனையே நேராகப் பொருந்தும். சிவப்பாக வந்தால் சரியான இடம்.

ஒயிலை ஒரு பேசினில் பிடித்து, ஆறவிட்டு, ஒன்றரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி அளந்து வையுங்கள். எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் உள்ளே போக வேண்டும். சமதரை கிடைக்காதவர்களுக்கு இந்த ஒரு பழக்கமே பெரிய காப்பு. மாற்றும் முன் அளவு சரியாக இருந்திருந்தால், அளந்து ஊற்றியதும் சரியாகவே இருக்கும்.

போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். அது இயல்பான தேய்மானம். கையில் நெருடும் துண்டுகள், மினுங்கும் செதில்கள் இருந்தால்தான் கவலை. துடைத்து, புது வொஷர் போட்டுப் பூட்டுங்கள். அலுமினிய உடம்பு என்பதால் அளவுக்கு மீறி இறுக்கினால் புரி உரிந்துவிடும்.

புது ஒயில் டிப்ஸ்டிக் குழாய் வழியாகத்தான் போகும். குழாய் ஒடுக்கமானது, நீண்ட மெல்லிய வாயுள்ள புனல் வேண்டும். மழைத்தூறலில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். துணியையும் நூல் பிரியாத சுத்தமான துணியாக எடுங்கள், ஒரு நூல் உள்ளே போனாலும் வால்வில் சிக்கும். ஊற்றிய பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் ஐந்து விநாடி வைத்துத் திரும்ப 'பார்க்'குக்கு வாருங்கள். அளவு பாருங்கள். ஒரு சுற்று ஓட்டிச் சூடானதும் மறுபடி பாருங்கள்.

சில பழைய மூன்று கியர் டொயோட்டாக்களில் டிஃபரென்ஷியலுக்குத் தனி ஒயில் அறை இருக்கும். கியர் பொக்ஸில் ஊற்றினால் அங்கே போகாது. அதையும் தனியாக இறக்கி நிரப்ப வேண்டும்.

ஃபில்டரையும் மாற்ற வேண்டுமா?

ஒரு தடவையாவது கியர் பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. உள்ளே இருப்பது பல டொயோட்டாக்களில் உலோக வலை, கழுவியும் போடலாம். தட்டின் காந்தங்களையும் துடைத்து அதே இடத்தில் வையுங்கள். சுற்றிலும் உள்ள சிறிய 10 மில்லிமீட்டர் போல்ட்களை விரல் பலத்துக்குச் சற்று மேல் இறுக்கினால் போதும். ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் தட்டு வளைந்து இன்னும் ஒழுகும். பழைய ஹோண்டாக்களில் கழற்றும் தட்டே இல்லை, கவலை விட்டது.

மெஷின் வைத்துப் பழைய ஒயிலை ஒரே தடவையில் முழுக்கக் கழுவி எடுக்கலாமா?

நேரத்துக்கு மாற்றி வந்த காருக்குப் பரவாயில்லை. வரலாறு தெரியாத பழைய காருக்கு வேண்டாம்.

காலையில் ஓவர்டிரைவ் விழ மறுக்கிறது. ஒயில் கெட்டதாலா?

நுவரெலியா, அம்பேவளைப் பக்கம் உள்ளவர்கள் மார்கழி, தை மாதங்களில் இதைக் கேட்பார்கள். புல்லில் பனி உறையும் காலையில் முதல் சில கிலோமீட்டர் எஞ்சின் சத்தம் கூடியே இருக்கும், கடைசிக் கியர் விழாது. எஞ்சின் தண்ணீர் ஓரளவு சூடாகும்வரை ஓவர்டிரைவ் விழ விடாமல் தடுத்து வைக்கும்படிதான் பல கார்களின் கணினி அமைக்கப்பட்டிருக்கிறது. கோளாறு இல்லை. சூடான பிறகும் விழாவிட்டால், எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடும் கார்களில் இந்தக் குறை சகஜம்.

ஒயில் நீண்ட நாள் உழைக்க எப்படி ஓட்ட வேண்டும்?

ஏற்றத்தில் ஓவர்டிரைவை அணைத்து விடுங்கள். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே வண்டி தவித்துத் தவித்து மாறுவதுதான் தட்டுகளைத் தேய்க்கிறது, ஒயிலைச் சூடாக்குகிறது. செங்குத்தான முடக்குகளில் '2'இல் போடுங்கள். மேட்டில் நெரிசலில் நிற்கும்போது ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்க வேண்டாம், பிரேக்கை மிதியுங்கள். அப்படிப் பிடித்து வைப்பதைப் போல் ஒயிலைச் சீக்கிரம் கருக்குவது வேறொன்றுமில்லை.

இறக்கத்தில் '2' அல்லது 'எல்'. எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும் பாதையிலும், நானுஓயா ரதெல்ல குறுக்கு வழியிலும் பிரேக்கை மட்டும் நம்பிப் போனால் பிரேக் சூடாகிப் பிடிப்பு போய்விடும். பெற்றோலை மிச்சம் பிடிக்க 'நியூட்ரல்' போட்டு இறங்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். எஞ்சினின் பிடி போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழுகிறது. அந்தப் பாதைகளில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

சரிவில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது 'டொக்' என்று சத்தம் வருகிறதே?

'பார்க்'கில் போட்டதும் உள்ளே ஒரு சிறிய கொக்கி பல்லில் மாட்டுகிறது. ஹேண்ட்பிரேக் இல்லாமல் பிரேக்கை விட்டால் காரின் முழுப் பாரமும் அந்தக் கொக்கியில் தொங்கும். முதலில் 'நியூட்ரல்', ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை மெதுவாக விட்டு வண்டி ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்த பிறகு 'பார்க்'. சத்தம் வராது.

வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா?

எஞ்சின் ஓடாவிட்டால் ஒயில் பம்பும் ஓடாது. சில்லுகள் சுழல, உள்ளே எல்லாம் ஒயில் இல்லாமல் தேயும். முன் சில்லுகளால் ஓடும் காரை, முன்பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கித்தான் இழுக்க வேண்டும். முழுக்க ஏற்றிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. தவிர்க்க முடியாவிட்டால், ஆபத்தான முடக்கிலிருந்து ஓரத்துக்கு எடுக்கும் தூரம் மட்டும், 'நியூட்ரலில்', நடை வேகத்தில்.

இறக்கிய பழைய ஒயிலை என்ன செய்வது?

கானில் ஊற்ற வேண்டாம், தேயிலைக்கு அடியிலும் ஊற்ற வேண்டாம். நம் பக்கத்துக் கான் எல்லாம் ஏதோ ஓர் ஆற்றில்தான் போய் முடிகிறது. தலவாக்கலை, நானுஓயா பக்கத்துத் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்கு. நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தண்ணீர் களனி கங்கைக்கு. களனியைத்தான் கொழும்பு குடிக்கிறது. அதற்கெல்லாம் முன்னால், அடுத்த தோட்டத்துப் பீலியில் குழந்தையைக் குளிப்பாட்டும் தாய் இருக்கிறார். அளந்து வைத்த அதே போத்தல்களை மூடி இறுக்கி, பழைய ஒயில் சேர்த்து விற்கும் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். போத்தலில் 'கழிவு ஒயில்' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சிவப்பு நிறத்தைப் பார்த்துச் சர்பத் என்று பிள்ளைகள் எடுத்துவிடக் கூடும்.